தெருமுனையில் சட்டப்படி விற்கும் கஞ்சாவைப் பாடசாலை எப்படித் தடுக்கும்?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வெளியே தெரிவது இது: மகன் செப்டெம்பரில் ஸ்காபரோவில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறான், வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையில் கஞ்சாக் கடை சட்டப்படி திறந்திருக்கிறது, அரசே அனுமதித்த பொருளைப் பாடசாலை எந்த முகத்தோடு தடுக்கும், மோப்ப நாயும் சிறுநீர்ச் சோதனையும் வைக்க ஏன் தயங்குகிறார்கள்? உள்ளே இருக்கும் கேள்வி வேறு. பாடசாலை கையை விட்டுவிட்டதா, பெற்றோர் சபைக் கூட்டத்தில் நீங்கள் எதைக் கேட்டால் உண்மையில் பயன் இருக்கும் என்பது. இரண்டாவதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன். சொல்வதெல்லாம் ஒன்ராறியோவுக்குப் பொருந்துவது. வயதெல்லை அல்பேர்ட்டாவில் 18, கியூபெக்கில் 21, இங்கே 19. பாடசாலைச் சட்டங்களும் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். உங்கள் பிள்ளை மீது ஏற்கெனவே நடவடிக்கை தொடங்கியிருந்தால் இந்தப் பதிலை வைத்து முடிவெடுக்காமல் ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. 2018 ஒக்டோபர் 17 அன்று கனடாவில் கஞ்சா சட்டபூர்வமானது, ஆனால் வளர்ந்தவர்களுக்கு மட்டும். ஒன்ராறியோவில் 19 வயதுக்குக் கீழே உள்ள ஒருவர் அதை வாங்குவதும் வைத்திருப்பதும் பாவிப்பதும் இன்றும் தடை. குழப்பம் வருவது ஒரு நுணுக்கத்தால். 12 முதல் 17 வயது வரையானவர் 5 கிராம் வரை உலர் கஞ்சா வைத்திருந்தால் மத்திய சட்டம் அதைக் குற்றவியல் குற்றமாக எடுப்பதில்லை, ஒரு சிறு பொட்டலத்துக்காகப் பிள்ளைக்குக் குற்றப் பதிவு விழக்கூடாது என்பதற்காக. மாகாணச் சட்டம் அந்த இடைவெளியை மூடுகிறது: பொலிஸ் பொருளைப் பறிமுதல் செய்யலாம், பிள்ளையை விழிப்புணர்வு வகுப்புக்கு அனுப்பலாம். "5 கிராம் வரை பிரச்சினை இல்லையாம்" என்று பிள்ளைகளுக்கிடையே ஓடும் கதையின் மூலம் இதுதான். பாதி உண்மை.

பாடசாலை வளவுக்குள் வயதும் கணக்கில்லை. 19 வயதான பன்னிரண்டாம் வகுப்பு மாணவனும், பிள்ளையை ஏற்ற வந்த தகப்பனும், ரீச்சரும் அங்கே புகைக்க முடியாது. புகையற்ற ஒன்ராறியோ சட்டம் வளவையும், வளவின் எல்லையிலிருந்து 20 மீற்றரையும் மூடுகிறது. சிகரெட், வேப் எனப்படும் மின்சிகரெட், கஞ்சா மூன்றுக்கும் ஒரே விதி. முதற் தடவை நீதிமன்றம் விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதம் 1,000 டொலர், மீண்டும் பிடிபட்டால் 5,000. இதை அமுல்படுத்துவது பொலிஸ் மட்டும் அல்ல, பொதுச் சுகாதார அலுவலகத்தின் அதிகாரிகளும்தான். இந்தத் தகவல் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த கஞ்சாவாக இருந்தாலும் வளவுக்குள் புகைக்க முடியாது. வேறு வடிவத்தில் எடுக்க வேண்டிய மாணவருக்கு மற்ற மருந்துகளைப் போலவே அலுவலகத்தோடு எழுத்தில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கடைக்கும் பாடசாலைக்கும் இடையே 150 மீற்றர் இருக்க வேண்டும் என்பது தனி விதி. அது உங்கள் மகனின் நடைபாதையை அளக்காது, இரண்டு இடங்களுக்கும் இடையிலான தூரத்தைத்தான் அளக்கும்.

ஒழுங்கு நடவடிக்கைக்கு வருவோம். கல்விச் சட்டத்தின் 306ஆம் பிரிவில் கஞ்சா வைத்திருப்பதும் அதன் போதையில் இருப்பதும் இடைநிறுத்தத்துக்குரியவை. 1 முதல் 20 பாடசாலை நாள் வரை. ஆனால் இங்கே அதிபருக்கு "யோசித்து முடிவெடு" என்றுதான் சட்டம் சொல்கிறது. வயது, முந்தைய வரலாறு, விசேட கல்வித் தேவை, தண்டனை பிள்ளையின் படிப்பை என்ன செய்யும் என்பதையெல்லாம் அவர் பார்க்க வேண்டும். 310ஆம் பிரிவில் அந்த நெகிழ்வு இல்லை. வயது குறைந்த ஒருவருக்குக் கஞ்சா கொடுத்தால் அதிபர் இடைநிறுத்தியே ஆக வேண்டும், வெளியேற்றத்துக்குப் பரிந்துரைப்பதா என்று விசாரிக்கவும் வேண்டும். இங்கே "கொடுத்தல்" என்பதற்குக் காசு வாங்கியிருக்கத் தேவையில்லை. சிநேகிதனிடம் வேப்பை நீட்டி "ஒரு இழுப்பு இழு" என்பதே போதும். பிள்ளைகள் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கும் இடம் இது: விற்றால்தான் தப்பு, பகிர்ந்தால் நட்பு என்று. உங்கள் மகனோடு ஒரே ஒரு சட்ட விடயம் பேச நேரம் கிடைத்தால் இதைப் பேசுங்கள்.

எங்கள் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு கூர்மை உண்டு. 18 வயதுக்குக் குறைந்தவருக்குக் கஞ்சா கொடுப்பதற்கு மத்திய சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டு. 18 வயது நிறைந்து, இன்னும் குடியுரிமை எடுக்காமல் நிரந்தர வதிவிட அட்டையோடு இருக்கும் மாணவன் ஒருவன் அந்தக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால், நீதிமன்றம் கொடுத்த தண்டனை சிறியதாக இருந்தாலும், குடிவரவுச் சட்டம் அதைப் பாரதூரமான குற்றமாக எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சட்டம் பார்ப்பது அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டோ அதற்கு மேலோ என்பதை. இளையோர் நீதிச் சட்டத்தின் கீழ் வரும் தீர்ப்புகளுக்கு இது பொருந்தாது. வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் அண்ணனோ அக்காவோ இருந்தால் குடியுரிமை விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி மோப்ப நாய். தயங்குவதற்குக் காரணம் சோம்பல் அல்ல, ஒரு தீர்ப்பு. 2002இல் ஒன்ராறியோவின் சார்ணியா நகரில் ஒரு உயர்நிலைப் பாடசாலைக்குப் பொலிஸ் நாயோடு போனது. யார் மீதும் குறிப்பான சந்தேகம் இல்லை. மாணவர்கள் வகுப்பறைகளுக்குள் இருக்க, உடற்பயிற்சிக் கூடத்தில் கிடந்த பைகளை நாய் முகர்ந்தது, ஒரு பையில் கஞ்சாவும் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2008இல் அந்தச் சோதனை உரிமைச் சாசனத்தை மீறியது என்று தீர்ப்பானது. நாயைப் பாவிக்கவும் நியாயமான சந்தேகம் முன்கூட்டியே இருக்க வேண்டும். இதற்குப் பத்து ஆண்டு முன்னர், 1998இல், நோவா ஸ்கோஷியா மாகாணத்திலிருந்து வந்த வழக்கில் அதே நீதிமன்றம் மறுபக்கத்தைச் சொல்லியிருந்தது. பாடசாலை நடன நிகழ்ச்சிக்கு ஒரு மாணவன் கஞ்சா கொண்டுவருகிறான் என்று நம்பத்தகுந்த தகவல் கிடைத்து, துணை அதிபர் அவனைச் சோதித்து, காலுறைக்குள் இருந்ததை எடுத்தார். அது சரி. பிடியாணை தேவையில்லை, நியாயமான காரணம் இருந்தால் போதும், பொலிஸின் கையாளாக நடக்காத வரைக்கும். ஆக, "எல்லாப் பையையும் திறந்து காட்டு" என்பது முடியாது. "உன் பையைக் காட்டு, காரணம் இது" என்பது முடியும். அதனால் காரணத்தை நேரத்தோடு எழுதி வைக்கும் பழக்கம் பாடசாலைக்கு முக்கியம்: யார் பார்த்தது, என்ன மணம், எத்தனை மணிக்கு. எழுதி வைக்காத நியாயமான காரணம் மேன்முறையீட்டில் நிற்பது கடினம்.

சிறுநீர்ச் சோதனைக்குச் சட்டத்தைவிட வேதியியலே பெரிய தடை. கஞ்சாவில் போதை தரும் பொருளான ரி.எச்.சி. உடைந்து வரும் கழிவு கொழுப்பில் தங்கி மெதுவாக வெளியேறுகிறது. எப்போதாவது எடுப்பவரில் சில நாள், தினமும் எடுப்பவரில் வாரக்கணக்கு. சனிக்கிழமை ஒரு விருந்தில் எடுத்த பிள்ளையும், இப்போது கணித வகுப்பில் போதையில் இருக்கும் பிள்ளையும் அந்தக் குப்பியில் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். போதாக்குறைக்கு, சாதாரணச் சோதனைக் கீற்றுகளில் தென்படாத செயற்கைப் போதைப்பொருட்களை நோக்கிப் பிள்ளைகளைத் தள்ளிவிடும் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் விளையாட்டு வீரர்களையும் கழக உறுப்பினர்களையும் சோதிக்க 1995, 2002 தீர்ப்புகள் இடம் கொடுத்தன. அதை இங்கே எடுத்துவர முடியாது.

பிறகு என்ன செய்யலாம்? கழிவறையிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் பிரச்சினையின் பெரும்பகுதி அங்கேதான். முன்பு சுருட்டு மணம் காட்டிக்கொடுத்தது. இப்போது கையில் இருப்பது யூ.எஸ்.பி. குச்சி அளவில் ஒரு வேப். அதற்குள் செறிவூட்டிய எண்ணெய், ரி.எச்.சி. 80 சதவீதம் வரைகூட இருக்கலாம். 1980களில் உலர் கஞ்சாவில் சராசரி 3 சதவீதம் இருந்தது, இன்று 15 அளவில். நீங்கள் கேள்விப்பட்ட பழைய கஞ்சாவும் இதுவும் பெயரில் மட்டும் ஒன்று. ஆவி அரை நிமிடத்தில் கலைந்துவிடும். மாகாண அரசு 2024இல் வேப் உணரிகளுக்கும் மற்றப் பாதுகாப்பு வேலைகளுக்குமாக 30 மில்லியன் டொலர் அறிவித்தது, கல்விச் சபைகள் அவற்றைப் பொருத்தியும் வருகின்றன. உணரி காற்றிலுள்ள நுண்துகளையும் ஆவிச் சேர்மங்களையும் அளந்து அலுவலகத் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும். அதில் கமெரா இல்லை. உணரி தவறும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: உடம்புக்கு அடிக்கும் வாசனைத் திரவத்துக்கும் சில வகைகள் அலறும். பிள்ளைகள் சட்டைக் கைக்குள்ளோ பைக்குள்ளோ ஊதுவார்கள், அல்லது கருவியைப் பிளாஸ்ரிக்கால் மூடுவார்கள். காற்று உறிஞ்சும் விசிறிக்கு அருகே தவறாகப் பொருத்தினால் ஆவி அதை எட்டாமலே போய்விடும். எல்லாவற்றையும்விடப் பொதுவான பிழை, செய்தி வந்து ஐந்து நிமிடம் கழித்து ஒருவர் போய்ப் பார்ப்பது. அதற்குள் உள்ளே இருந்தவர்கள் போய், கைகழுவ வந்த வேறு மூன்று பேர் நிற்பார்கள். ஒரு அல்லது இரண்டு நிமிடத்தில் போகக்கூடிய ஆள் பெயர் குறித்து நியமிக்கப்படவில்லை என்றால் அந்தக் கருவி கூரை அலங்காரம். உணரி அலறியது என்பதற்காக அங்கே நின்ற எல்லோரின் பையையும் திறக்கவும் முடியாது, முன்பு சொன்ன காரணத்தால்.

கழிவறைகளைப் பூட்டிவிடுவது பல பாடசாலைகள் கையாளும் குறுக்குவழி. அது மோசமான யோசனை. திறந்திருக்கும் ஒன்றிரண்டில் கூட்டம் சேரும், கூட்டத்தில் கண்காணிப்பு இன்னும் கஷ்டம், மாதவிலக்கில் இருக்கும் பெண் பிள்ளைகளும் வயிற்றுப் பிரச்சினை உள்ளவர்களும் தண்ணீர் குடிக்காமல் நாளை ஓட்டுவார்கள். கைகழுவும் பகுதி நடைபாதையிலிருந்து தெரியும்படி வெளிக்கதவை எடுத்துவிட்டு, உள் அறைகளை நன்றாக மூடுவது நல்லது. மணியடிக்கும் ஐந்து நிமிடமும் மதிய இடைவேளையும் பெரியவர் ஒருவர் அருகில் நிற்க வேண்டும். விரட்டத் தேவையில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கதைத்தாலே போதும்.

அடுத்தது பிடிபட்ட பிறகு நடப்பது, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பது என் கருத்து. 2024 செப்டெம்பர் முதல் மாகாணக் கொள்கை தெளிவு: வேப், மது, கஞ்சா எதனோடு பிடிபட்டாலும் மாணவர் அதை ஒப்படைக்க வேண்டும், பெற்றோருக்கு உடனே அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு பாதை பிரிகிறது. வீட்டுக்கு அனுப்பினால் என்ன நடக்கும்? பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில், ஐந்து நாள், தனியாக, கைத்தொலைபேசியோடு ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தையும் அவுஸ்திரேலியாவின் விக்ரோறியாவையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. போதைக்கு இடைநிறுத்தமே பதில் என்று வைத்திருந்த பாடசாலைகளில் மாணவர்கள் அடுத்த ஆண்டு கஞ்சா பாவிக்கும் வாய்ப்பு 1.6 மடங்கு. தண்டிக்கப்பட்ட பிள்ளைகள் மட்டும் அல்ல, முழுப் பாடசாலையும். ஆலோசகரிடம் அனுப்பும் பாடசாலைகளில் அந்த வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. இது தொடர்பைக் காட்டுவது, காரணத்தை நிரூபிப்பது அல்ல. ஏற்கெனவே சூழல் நல்ல பாடசாலைகள்தான் ஆலோசகரை வைத்திருக்கின்றன என்றும் வாதிடலாம். ஆனாலும் எதிர்த்திசையில் இவ்வளவு வலுவான சான்று கிடையாது.

அதற்காக இடைநிறுத்தமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுத்தவருக்கும் விற்றவருக்கும் சட்டமே வேறு வழி வைக்கவில்லை. முதற் தடவை பாவித்துப் பிடிபட்டவருக்கு ஒரு நடைமுறை ஒழுங்கு இப்படி அமையலாம். அன்றே பெற்றோரோடு சந்திப்பு, அடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆலோசகரோடு அல்லது சமூகப் பணியாளரோடு முதல் உரையாடல், பிறகு மூன்று நான்கு வாரத்துக்குக் குறுகிய சந்திப்புகள். அதில் எப்போது, யாரோடு, எதற்காக என்று கேட்க வேண்டும். நித்திரை வராமல் எடுக்கும் பிள்ளைக்கும், கூட்டத்தில் சேர எடுக்கும் பிள்ளைக்கும், பதற்றத்துக்கு எடுக்கும் பிள்ளைக்கும் ஒரே போதனை செய்வதால்தான் பாதி முயற்சி வீணாகிறது. இடைநிறுத்தம் வந்தால் உங்கள் உரிமைகளும் உண்டு. 24 மணி நேரத்துக்குள் உங்களுக்கு அறிவிக்க முயல வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஆறு நாளோ அதற்கு மேலோ என்றால் கல்வித் திட்டம் ஒன்றை வழங்க வேண்டும். இடைநிறுத்தம் தொடங்கிப் 10 பாடசாலை நாளுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுக்கலாம். தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அந்தக் கூட்டத்தில் பிள்ளையையே மொழிபெயர்க்க விடாதீர்கள். அவன் தனக்கு வேண்டியதைத்தான் சொல்வான், நாங்களும் அந்த வயதில் அதைத்தான் செய்திருப்போம்.

வகுப்பறைப் போதனையைப் பற்றிச் சுருக்கமாக. பொலிஸ் அதிகாரி வந்து பயமுறுத்திப் பேசும் அமெரிக்க பாணித் திட்டம், 1983இல் லொஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியது, பல தடவை அளந்து பார்த்தும் நிலையான பயன் காட்டவில்லை. மொன்றியலில் வளர்ந்த பிறிவெஞ்சர் என்ற முறை வேறு. மனச்சோர்வு, பதற்றம், அவசரபுத்தி, பரபரப்புத் தேடல் என்ற நான்கு குணப்போக்குகளில் எது ஒரு பிள்ளைக்கு ஓங்கியிருக்கிறது என்று பார்த்து, 90 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளில் அதற்கேற்ற பயிற்சி கொடுக்கும். மது விடயத்தில் இதன் பலன் தெளிவு, கஞ்சா விடயத்தில் முடிவுகள் கலந்திருக்கின்றன.

சட்டம் வந்ததால் பிள்ளைகளிடையே பாவனை கூடியதா என்பதற்கும் கலப்பான பதில்தான். ஒன்ராறியோவில் 7 முதல் 12ஆம் வகுப்பு வரையானோரிடம் நடத்தும் நீண்டகால ஆய்வில், முந்தைய ஆண்டில் பாவித்ததாகச் சொன்னோர் 2019இல் ஏறத்தாழ 22 சதவீதம், 2021இல் 17, 2023இல் 18 அளவில். நடுவில் கொரோனா வந்து பாடசாலைகளை மூடியதால் சட்டத்தின் விளைவைத் தனியே பிரித்தெடுப்பது கடினம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014இல் கடைகள் திறந்த பின்னும், கடந்த 30 நாளுக்குள் பாவித்ததாகச் சொன்ன உயர்நிலைப் பாடசாலை மாணவர் பல ஆண்டுகள் ஐந்தில் ஒருவர் என்ற அளவிலேயே நின்றது, 2021இல்தான் 13 சதவீதமாக விழுந்தது. ஆக, பாடசாலைகள் புகைமண்டலமாகிவிட்டன என்பதும் பொய், ஒன்றும் மாறவில்லை என்பதும் பொய். தெளிவாக மாறியது ஒன்று: கஞ்சா கலந்த மிட்டாய் வீட்டுக்குள் வந்தது. ஒன்ராறியோவில் பத்து வயதுக்குக் கீழானோர் தெரியாமல் கஞ்சா உட்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவது பல மடங்கானது. உயர்நிலைப் பாடசாலைக்கு உள்ளே வருவதும் பெரும்பாலும் கடையிலிருந்து நேராக அல்ல. மூத்த சகோதரம், சிநேகிதன், வீட்டு அலுமாரி வழியாகத்தான்.

கஞ்சா மிட்டாய் ஏன் வகுப்பறையில் ஆபத்து என்றால், அதன் நேரக் கணக்கு. புகைத்தால் நிமிடங்களில் ஏறும். தின்றால் அரை மணி முதல் 2 மணி நேரம் எடுக்கும், உச்சம் 4 மணி நேரத்தில், முழுதும் இறங்க 12 மணி நேரம் வரை. "ஒன்றும் செய்யவில்லையே" என்று இன்னும் இரண்டைத் தின்றுவிட்டு மூன்றாம் பாடத்தில் சுருண்டு விழுவார்கள். சட்டபூர்வக் கடையில் ஒரு பொட்டலத்தில் 10 மில்லிகிராமுக்கு மேல் ரி.எச்.சி. இருக்க முடியாது, உறை வெறுமையாக, சிவப்பு எச்சரிக்கைக் குறியோடு இருக்கும். பிரபல மிட்டாய்களைப் போலி செய்த வண்ண உறையில் 500 அல்லது 600 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அது கள்ளச் சரக்கு, அந்த இலக்கமும் நம்பத்தக்கது அல்ல. பாடசாலையிலோ வீட்டிலோ அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் தனியே விடாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உறையை எடுத்து வையுங்கள், நித்திரை தூங்கினால் பக்கவாட்டில் கிடத்துங்கள். எழுப்ப முடியவில்லை, மூச்சு மந்தம், வலிப்பு, நெஞ்சுநோ என்றால் 911. சின்னப் பிள்ளை என்றால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் நஞ்சுத் தகவல் மையத்தை 1-844-764-7669இல் அழையுங்கள். வேறு போதைப்பொருள் கலந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் நலோக்சோன் கொடுப்பதில் தீங்கில்லை. அது ரி.எச்.சி.யை முறிக்காது, ஹெரோயின் போன்ற ஓபியொயிட் வகைப் போதைப்பொருள் கலந்திருந்தால் உயிரைக் காக்கும். ஆபத்தில் உதவிக்கு அழைப்பவர் மீது சிறு அளவு வைத்திருந்ததற்காகக் குற்றம் சுமத்த முடியாது என்று 2017இன் நல்ல சமாரியர் சட்டம் சொல்கிறது. பிள்ளைகள் அழைக்கப் பயப்படுவது வழக்கு வந்துவிடுமோ என்றுதான், எனவே இதையும் சொல்லி வையுங்கள்.

பெற்றோர் சபையில் நாய் கேட்காதீர்கள். இவற்றைக் கேளுங்கள்: உணரி அலறினால் போவது யார், எத்தனை நிமிடத்தில்? முதற் தடவை பிடிபட்ட பிள்ளை ஆலோசகரைப் பார்க்க எத்தனை நாள் எடுக்கிறது? ஆலோசகர் ஒருவருக்கு எத்தனை மாணவர்? போதையில் இருக்கும் பிள்ளையை எங்கே வைத்து யார் பார்க்கிறார்கள்? எல்லைக்கு வெளியே, 21ஆவது மீற்றரில் இருக்கும் பூங்காவுக்குப் பொதுச் சுகாதார அதிகாரி கடைசியாக எப்போது வந்தார்? கடைசிக் கேள்வி பெற்றோருக்கே: வீட்டில் யாராவது சட்டப்படி வாங்கி வைத்திருந்தால் அது பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறதா, அல்லது சமையலறை அலுமாரியில் பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்திலா?